லிட்டில் ராக்கில் ஒரு கூட்டம்: ஆல்ஃபிரட் வாட்டின் 1866 பென்சில் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பத்திரிகை ஓவியங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஒரு படத்தில் பேச்சு நின்றுவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பினப் படைவீரர்கள் சீருடையோடு குடும்பத்தாரிடம் திரும்பும் காட்சி. பார்ப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும். அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இது என்ன படம்? அசல் எங்கே இருக்கிறது?

ஆல்ஃபிரட் வாட் என்ற பத்திரிகை ஓவியர் 1866 வசந்த காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக்கில் வரைந்தது. ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினத் தொண்டர் படை என்பதுதான் படத்தின் பொருள். ‘மஸ்டர்டு அவுட்’ (படைப்பணியிலிருந்து விடுவிப்பு) என்ற தலைப்பில் இது அறியப்படுகிறது. இதை வைத்து மரக்கட்டையில் செதுக்கிய அச்சுப் படம் நியூயார்க்கிலிருந்து வந்த ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் 1866 மே 19 அன்று வெளியானது.

பென்சில் அசல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது. வாட், அவருடைய தம்பி வில்லியம் வாட், எட்வின் ஃபோர்ப்ஸ் ஆகிய மூவரும் வரைந்த ஏறத்தாழ 1,600 படங்களை வங்கியாளர் ஜே.பி. மார்கன் 1919-இல் அந்த நூலகத்துக்குக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி ஆல்ஃபிரட் வாட்டின் கைவேலை.

வாட் அமெரிக்கரா? லண்டன்காரர் என்று எங்கோ படித்தேனே?

இரண்டும் சரி. 1828-இல் லண்டனில் பிறந்தார். அங்கேயே ஓவியம் படித்தார், நாடக மேடைக்குப் பின்திரைகள் வரைந்தார். 1850-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் அதன்பின் அங்கேயே வாழ்ந்து, 1891-இல் ஜார்ஜியா மாநிலத்தின் மரியெட்டாவில் இறந்தார். பெயர் சொல்லும்படி அவர் வரைந்ததெல்லாம் அமெரிக்க மண்ணில், அமெரிக்கப் பத்திரிகைகளுக்காக. அதனால் அமெரிக்க ஓவியர் என்றே எல்லோரும் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

போர் தொடங்கிய 1861-இல் ‘நியூயார்க் இல்லஸ்ட்ரேட்டட் நியூஸ்’ பத்திரிகைக்காகக் களத்துக்குப் போனார். பிறகு ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’க்கு மாறினார். முதல் புல் ரன் சண்டையிலிருந்து 1865 வரை வடக்குத் தரப்பின், அதாவது அமெரிக்க அரசின், பொடோமாக் படையோடே திரிந்தவர். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, மடியில் வரைபலகையை வைத்து, கையில் பென்சிலோடு அவர் இருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. 1863 ஜூலையில் டிமத்தி ஓ’சல்லிவன் எடுத்தது. அகலத் தொப்பி, முழங்கால்வரை ஏறிய பூட்ஸ், தாடி. யாரும் அவரைச் சிப்பாய் என்றே நினைத்திருப்பார்கள்.

பென்சில் படம் என்கிறீர்கள். அப்புறம் வெள்ளை நிறம் எங்கிருந்து வந்தது?

காகிதம் வெள்ளை இல்லை என்பதுதான் விஷயம். வாட் பழுப்பு, சாம்பல், வெளிர்பச்சை போன்ற நிறக் காகிதங்களில்தான் நிறைய வரைந்தார். இந்தப் படம் வெளிர்பச்சைத் தாளில். இருட்டு வேண்டிய இடத்தில் பென்சில், வெளிச்சம் வேண்டிய இடத்தில் ‘சைனீஸ் ஒயிட்’ என்ற துத்தநாக வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லாச் சாயலையும் காகிதமே பார்த்துக்கொள்ளும்.

நேரத்தை இது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் தாளில் ஒரு கூட்டத்தை வரைந்தால் வெளிச்சத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் நிழலிட்டுத் தீர வேண்டும். நிறத் தாளில் பாவாடை மடிப்பின்மேல் வெள்ளைத் தூரிகையை ஒருமுறை இழுத்தால் போதும், அந்தப் பெண் கூட்டத்திலிருந்து தனியாக முன்னால் வந்துவிடுவாள்.

பின்னால் நிற்பவர்களுக்கு முகமே இல்லை. வெறும் வட்டமும் கோடும்தான். பாதியில் விட்டுவிட்டாரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ‘பாதியில் விட்ட படம்’ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அவருடைய வேலை முழுப் படம் தருவது அல்ல. நியூயார்க்கில் இருக்கும் செதுக்குநர்களுக்குத் தேவையானதை, தேவையான அளவுக்குத் தருவது. எது செய்தியோ அதை முழுதாக வரைவார். மற்றதை அடையாளம் மட்டும் காட்டி நிறுத்துவார். அணியாக நிற்கும் இருபது பேரில் ஒருவரை ஒழுங்காக வரைந்துவிட்டால் மீதிப் பேருக்கும் அதே தொப்பி, அதே மேலங்கி, அதே பட்டை என்று செதுக்குபவருக்கே தெரியும். அதை இருபது தடவை வரைவது வீண் வேலை.

அவருடைய கூட்டப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு முறை பிடிபடும். முன்வரிசையில் ஐந்தாறு பேர், அவர்களுக்கு முகம், கை, உடை எல்லாம் உண்டு. அவர்களுக்குப் பின்னால் தோளும் தலையும் மட்டும். அதற்கும் பின்னால் தொப்பிகளின் மேல்விளிம்பு. கடைசியில் சாய்ந்த கோடுகள் சில, அவை துப்பாக்கிகளாகவோ கொடிக்கம்புகளாகவோ இருக்கலாம். கண் அந்தக் கடைசிக் கோடுகளையும் ஆட்களாகவே எண்ணிக்கொள்கிறது.

பென்சில் எங்கே அழுத்தியிருக்கிறது என்று கவனியுங்கள். இந்தப் படத்தில் அழுத்தம் விழுந்திருப்பது கட்டிப்பிடிக்கும் இடங்களில். அணிவகுப்பையோ கட்டடத்தையோ அவர் செய்தியாக எடுக்கவில்லை. வீடு வந்தவரின் கழுத்தைச் சுற்றிய கைகள்தான் அவருக்குச் செய்தி.

சில ஸ்கெட்சுகளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கி இருக்கிறதே, அது என்ன?

செதுக்குபவர்களுக்கான குறிப்புகள். இந்த இடம் மரங்கள், இங்கே புகை, இந்தப் படைப்பிரிவு இன்னது, இந்த அதிகாரி இன்னார் என்று பென்சிலிலேயே எழுதிவிடுவார். சில படங்களின் பின்பக்கம் நீளமாகக் கடிதமே இருக்கும். கூடவே போய் விளக்க முடியாதவர், வேறென்ன செய்வார்?

அப்போதே கேமரா இருந்தது. பிறகு எதற்குப் பென்சிலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

இரண்டு தடைகள். முதலாவது, அன்றைய புகைப்படம் ஈரக் கண்ணாடித் தகட்டில் எடுப்பது. தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, அங்கேயே இருட்டு வண்டிக்குள் கழுவ வேண்டும். தகட்டில் ஒளி படுவதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் அசையும் ஆள் மங்கலான புகையாகத்தான் பதிவார். அதனால்தான் அந்தப் போரின் புகைப்படங்களில் முகாம்களும், நிமிர்ந்து உட்கார்ந்த தளபதிகளும், இறந்து கிடப்பவர்களும் நிறைய. ஓடிவந்து கட்டிக்கொள்ளும் கூட்டத்தை அந்தக் கேமராவால் பிடிக்கவே முடியாது.

இரண்டாவது தடை பலருக்கும் தெரிவதில்லை. புகைப்படம் எடுத்தாலும் அதை அப்படியே பத்திரிகையில் அச்சிட வழி இல்லை. புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை 1880-களில்தான் பத்திரிகைகளுக்கு வந்தது. அதுவரை புகைப்படத்தையும் ஒருவர் பார்த்து மரத்தில் செதுக்கித்தான் ஆக வேண்டும். எப்படியும் ஒரு கை நடுவில் வரும் என்றால், அசைவைப் பிடிக்கத் தெரிந்த கையே மேல் என்று பத்திரிகைக்காரர்கள் நினைத்தார்கள்.

பென்சில் படம் பத்திரிகையில் எப்படி அச்சானது?

படத்தை ஆள் மூலமோ தபாலிலோ நியூயார்க்குக்கு அனுப்புவார்கள். அங்கே பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரக்கட்டையின் முகத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் ஓவியர் ஒருவர் வாட்டின் படத்தைப் பார்த்துத் திரும்ப வரைவார். அடிமரம் அவ்வளவு பருமனாக வளராத மரம் அது. அதனால் பெரிய படம் வேண்டுமென்றால் சிறுசிறு கட்டைகளைப் பின்பக்கம் மரையாணி போட்டு இறுக்கி ஒரே பலகையாக்குவார்கள். படத்தை வரைந்து முடித்ததும் ஆணியைக் கழற்றிக் கட்டைகளைப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ஒரே இரவில் பத்துப் பதினைந்து பேர் ஒரே படத்தைச் செதுக்குவார்கள். ஒருவருக்கு வானம், ஒருவருக்கு மரம், கைதேர்ந்தவருக்கு முகங்கள்.

காலையில் கட்டைகளைத் திரும்பச் சேர்த்ததும், இணைப்பு விழும் இடங்களில் கோடுகள் ஒன்றோடொன்று சேரும்படி தலைமைச் செதுக்குநர் சரிசெய்வார். பிறகு அந்தப் பலகையிலிருந்து மின்முலாம் முறையில் உலோக அச்சுத் தகடு எடுத்து, லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அடிப்பார்கள். மரக்கட்டையை நேரடியாக அச்சில் வைத்தால் அத்தனை பிரதிகளுக்குத் தாங்காது.

பழைய அச்சுப் பக்கங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதைச் சில சமயம் பார்க்கலாம். காகிதம் மடிந்த தடம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டைகள் சரியாகப் பொருந்தாத இடம் அது.

அச்சுப் படம் ஸ்கெட்சுக்கு இடவலம் மாறி இருக்குமா?

மரத்தில் நேராக வரைந்து செதுக்கினால் அச்சில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும். அதைத் தவிர்க்கத்தான் முந்தைய பதிலில் சொன்ன ஓவியர் கட்டையின்மேல் படத்தை இடவலம் மாற்றி வரைவார். அப்படிச் செய்தால் அச்சில் வாட் வரைந்த திசையே வரும். சீருடையில் வாள் இடதுபுறம் தொங்குகிறதா, பொத்தான்கள் எந்தப் பக்கம் மூடுகின்றன என்று பார்த்தால் திரும்பிய படத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்கெட்சில் இல்லாத ஆட்கள் அச்சில் இருக்கலாமா? எதை நம்புவது?

தாராளமாக இருக்கலாம். வாட் வட்டமாக விட்ட தலைக்குச் செதுக்குபவர் மூக்கு, கண், மீசை எல்லாம் வைத்தாக வேண்டும். அந்த மனிதரை அவர் பார்த்ததில்லை. வானத்துக்கு மேகம் சேர்ப்பார்கள், தரையில் ஒரு கூடையோ நாயோ வைப்பார்கள், கோரமான இடத்தைக் கொஞ்சம் மென்மையாக்குவார்கள். கோடுகளும் ஒரே சீராகிவிடும். பென்சிலின் அழுத்தமும் தயக்கமும் அச்சில் போய்விடும்.

ஆட்களின் நிலை, யார் யாரைப் பார்க்கிறார்கள், கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது, இவையெல்லாம் தெரிய ஸ்கெட்சைப் பாருங்கள். 1866-இல் ஒரு வாசகர் எதைப் பார்த்தார் என்று தெரிய வேண்டுமானால் அச்சுப் படத்தைப் பாருங்கள். வாசகர்களில் யாரும் ஸ்கெட்சைப் பார்க்கவில்லை. பத்திரிகை அலுவலகத்துக்கு அது ஒரு வேலைத்தாள் மட்டுமே. இத்தனை தாள்கள் குப்பைக்குப் போகாமல் மிஞ்சியதே ஆச்சரியம்.

அவர் அங்கே நின்று நேரில் பார்த்து வரைந்தாரா, அல்லது அறைக்குள் உட்கார்ந்து கற்பனையா?

1866-இல் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ அவரைப் போருக்குப் பிந்தைய தெற்கைச் சுற்றிவரச் சொல்லி அனுப்பியது. மிசிசிப்பி ஆற்றுப் பகுதி ஊர்களில் வரைந்துகொண்டே போனார். இந்தப் படம் அந்தப் பயணத்தில் பிறந்தது.

ஆனால் நேரில் பார்த்தது என்பதால் ஒரு நொடியின் பதிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அணி கலைந்ததும் இத்தனை சந்திப்புகளும் முன்வரிசையில் அழகாக இடைவெளி விட்டு நடந்திருக்காது. அரைமணி நேரத்தில் அங்கங்கே கண்டதை ஒரு தாளில் கூட்டிவைத்திருக்கிறார் என்பது என் கணிப்பு. மேடைத் திரை வரைந்தவர் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? ஆட்களை நிறுத்தும் விதத்தில் அந்தப் பழக்கம் தெரிகிறது. முக்கியமானவர் ஒருவரும் இன்னொருவருக்குப் பின்னால் மறைவதில்லை.

இந்த வீரர்கள் யார்? கறுப்பினத்தவர் அந்தப் போரில் சண்டை போட்டார்களா?

போட்டார்கள். வடக்கு ராணுவத்தில் மட்டும் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பலர் அதுவரை அடிமைகளாக இருந்தவர்கள். ஆர்கன்சா தெற்குத் தரப்பில் இருந்த மாநிலம். 1863 செப்டம்பரில் வடக்குப் படை லிட்டில் ராக்கைப் பிடித்ததும், சுற்றியிருந்த பருத்திப் பண்ணைகளிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே திரண்டார்கள். ஆண்கள் பலர் படையில் சேர்ந்தார்கள்.

சம்பளத்தில்கூடப் பாகுபாடு இருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். 1864 ஜூனில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதைச் சமமாக்கியது. போர் 1865-இல் முடிந்த பிறகும் கறுப்பினப் படைப்பிரிவுகள் பல தெற்கில் காவலுக்கு நிறுத்தப்பட்டன. அதனால்தான் வீடு திரும்பும் காட்சி 1866-இல் வருகிறது.

ராணுவப் படத்தில் ஏன் இத்தனை பெண்களும் குழந்தைகளும்?

படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அடிமை முறையில் கணவன், மனைவி என்ற உறவுக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. எசமான் நினைத்தால் கணவனை ஒரு பண்ணைக்கும் மனைவியை இன்னொரு பண்ணைக்கும் விற்கலாம். பிள்ளை தாயின் எசமானுக்குச் சொந்தம். ஓர் ஆண் தப்பி வந்து படையில் சேர்ந்தால், பண்ணையில் விட்டுவந்த மனைவிமேல் எசமான் பழிதீர்த்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு.

1865 மார்ச் 3 அன்று அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. கறுப்பினப் படைவீரர்களின் மனைவியும் பிள்ளைகளும் அந்த நாள் முதல் சுதந்திரமானவர்கள் என்றது அது. வடக்குக்கு விசுவாசமாக இருந்த கென்டக்கி போன்ற எல்லை மாநிலங்களில் அப்போதும் அடிமை முறை சட்டப்படி இருந்ததால், அங்கே இதன் பலன் பெரிது. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1865 டிசம்பரில். இந்தப் படம் அதற்குச் சில மாதங்களே கழித்து வரையப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் படத்தைப் பாருங்கள். இந்தக் கணவன் மனைவியரை அரசு குடும்பம் என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கியே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் ஊர் திரும்பியதை அன்றைய பத்திரிகைகள் ஏராளமாக வரைந்தன. அங்கேயும் கண்ணீரும் கட்டிப்பிடிப்பும் உண்டு. ஆனால் அந்தக் குடும்பங்களை யாரும் சட்டப்படி விற்றிருக்க முடியாது.

மொத்தத்தில் சந்தோஷமான முடிவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

அந்த நாளுக்கு மட்டும். லிட்டில் ராக்கிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி, மிசிசிப்பிக் கரையில் மெம்பிஸ் நகரம். அங்கேயும் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்று ஏப்ரல் 30 அன்று விடுவிக்கப்பட்டது. மறுநாளே அந்த முன்னாள் வீரர்களுக்கும் நகரப் போலீசுக்கும் தகராறு மூண்டது. மே 1 முதல் 3 வரை போலீசும் வெள்ளையர் கும்பலும் கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் புகுந்து தாக்கினார்கள். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் கணக்குப்படி 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள். பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 91 வீடுகளும் 4 தேவாலயங்களும், பள்ளிக்கூடங்களும் எரிந்தன. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதை மே 26 இதழில் படமாகப் போட்டது. எரியும் பள்ளிக்கூடம், சுடப்படும் மக்கள். வரைந்தவர் ஏ.ஆர்.டபிள்யூ. என்று குறிப்பு இருக்கிறது, அதாவது ஆல்ஃபிரட் ருடால்ஃப் வாட்டேதான். லிட்டில் ராக் படம் மே 19 இதழில், மெம்பிஸ் படம் அடுத்த இதழில். லிட்டில் ராக் படத்தை வாசகர்கள் கையில் எடுத்தபோதே மெம்பிஸ் எரிந்து முடிந்திருந்தது. இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்காமல் முதலாவதை மட்டும் பகிர்ந்து ‘மகிழ்ச்சித் தருணம்’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெம்பிஸ் வன்முறை கிளப்பிய கோபத்துக்கும், அந்த ஜூனில் காங்கிரஸ் நிறைவேற்றிய 14-ஆவது திருத்தத்துக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் பிறந்த எவரும் அந்நாட்டுக் குடிமகன் என்ற உரிமை அந்தத் திருத்தத்தில்தான் வருகிறது.

ஒரு வெள்ளைக்காரர் வரைந்தது. கறுப்பினத்தவரை நேர்மையாகக் காட்டியிருப்பாரா?

சந்தேகம் நியாயமானது. அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளில் கறுப்பினத்தவரை உதடும் கண்ணும் பெரிதாக்கிக் கோமாளியாக வரைவது சர்வசாதாரணம். இதே ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ 1870-களில் ‘பிளாக்வில்’ என்ற கேலிப்பட வரிசையை வெளியிட்டது. அதை வரைந்தவர் சோல் எய்டிங்க். ஒரே பத்திரிகை இரண்டையும் செய்தது.

லிட்டில் ராக் படத்தில் அந்தக் கேலி இல்லை. முகங்கள் ஒருவருக்கொருவர் வேறுபடுகின்றன, நிற்கும் விதத்தில் கண்ணியம் இருக்கிறது. அதற்காக வாட்டைப் பெரிய சமத்துவவாதியாக ஆக்கிவிட வேண்டாம். அவர் கூலிக்கு வரைந்த செய்தியாளர். எதிரில் நடந்ததைக் கவனமாகப் பார்த்தார், அவ்வளவே. 1867 நவம்பர் 16 இதழின் அட்டையில் வந்த ‘முதல் வாக்கு’ படமும் அவருடையதுதான். கருவிகளைச் சட்டைப்பையில் செருகிய ஒரு முதிய தொழிலாளி, நன்றாக உடுத்திய ஓர் இளைஞர், சீருடையில் ஒரு படைவீரர் என்று கறுப்பினத்தவர் வரிசையில் நின்று ஓட்டுப் போடும் காட்சி. லிட்டில் ராக் படத்துக்குப் பிறகு பார்க்க வேண்டியது அதுதான் என்பேன்.

படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் தெரியுமா?

வாட் எழுதிவைக்கவில்லை. தளபதிகளுக்குப் பெயர் எழுதியவர் இவர்களுக்கு எழுதவில்லை. இது அவர் ஒருவரின் குறை மட்டுமல்ல, சிப்பாய் எந்த நிறமானாலும் பத்திரிகைப் படத்தில் பெயரில்லாமல்தான் வருவார். படைப்பிரிவுகளின் வருகைப் பதிவேடுகளில் கறுப்பின வீரர்களின் பெயர், வயது, பிறந்த இடம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்று பொருத்த வழியில்லை.

அவர் வரைந்த வேறு கூட்டக் காட்சிகள் எவை?

இரண்டைச் சொல்கிறேன். 1863 ஜனவரி 21 அன்று வர்ஜீனியாவின் ஃபால்மத் அருகே வரைந்தது, மழையிலும் சேற்றிலும் படை நகரும் காட்சி. குனிந்த முதுகுகளாலேயே கூட்டத்தைக் காட்டியிருப்பார். அந்தப் பயணம் சேற்றில் சிக்கித் தோற்றதால் வரலாற்றில் ‘சேற்று நடை’ என்றே பெயர் வாங்கியது.

இன்னொன்று 1864 மே மாதம் வில்டர்னஸ் சண்டையில் வரைந்தது. காடு தீப்பிடித்துவிட்டது, காயம்பட்டவர்கள் எரியும் மரங்களுக்கு நடுவே கிடக்கிறார்கள். சிப்பாய்கள் துப்பாக்கிகளில் ஒரு போர்வையைக் கட்டித் தொட்டிலாக்கி ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். பின்னால் மற்றவர்கள் தவழ்ந்தும் ஊன்றியும் வருகிறார்கள். தீ எங்கே, புகை எங்கே என்று பென்சிலில் பிரிக்க முடியாத இடத்தில்தான் அந்த வெள்ளைப் பூச்சின் அருமை தெரியும்.

எனக்கும் இப்படிக் கூட்டம் வரைய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பழுப்பு நிறத் தாள், 2பி பென்சில், வெள்ளை நிறப் பென்சில் அல்லது கொஞ்சம் வெள்ளை கோவாஷ் (கெட்டியான, அடியிலுள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்). இவ்வளவு போதும். பஸ் நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ உட்காருங்கள். முதலில் கூட்டத்தை ஒரே உருவமாக, வெளிக்கோடு மட்டும் வரையுங்கள். பிறகு அதில் மூன்று பேரை மட்டும் தேர்ந்து முழுதாக வரையுங்கள். மற்றவர்களுக்குத் தலையும் தோளும். எல்லோரையும் வரைய வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் கஷ்டம், கை தானாகப் போய் ஏழாவது ஆளுக்குக் கண் வைக்கும். தலைகளை ஒரே மட்டத்தில் வைத்தால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். ஏற்றி இறக்கி வையுங்கள்.

படத்தைப் பதிவிறக்கி அச்சிட்டு மாட்டலாமா?

மாட்டலாம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளத்தில் பெரிய அளவுக் கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது. தேடல் தளங்களில் வரும் சிறிய படத்தை எடுக்காதீர்கள், பென்சில் கோடுகள் அதில் கரைந்துபோயிருக்கும். மாட்ட மேட் தாளே நல்லது, பளபளப்புத் தாளில் காகிதத்தின் பச்சை அடிபட்டுப் போகும்.

ஏலத் தளத்தில் ‘1866 அசல்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

‘அசல் பென்சில் படம்’ என்று சொன்னால் உடனே விலகிவிடுங்கள். அது ஒன்றே ஒன்றுதான், வாஷிங்டனைவிட்டு வெளியே விற்பனைக்கு வராது. ‘அசல் ஹார்ப்பர்ஸ் பக்கம்’ என்றால் அது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. லட்சத்துக்கு மேல் அச்சான இதழ் என்பதால் பக்கங்கள் இன்றும் சந்தையில் வருகின்றன.

பின்பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். உண்மையான இதழ்ப் பக்கமானால் அந்த வாரத்தின் செய்தியோ கதையோ வேறு படமோ அங்கே அச்சாகியிருக்கும். வெறுமையாக இருந்தால் பிற்காலப் பிரதி. பக்கத்தின் தலைப்பில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், மே 19 என்று இருக்க வேண்டும். உருப்பெருக்கியில் கோடுகள் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் 1880-களுக்குப் பிந்தைய அச்சுமுறை என்று மேலே சொன்னதை வைத்து முடிவுசெய்யலாம். வண்ணம் தீட்டியிருந்தால் அது பின்னால் யாரோ கையால் பூசியது. இதழ் கறுப்பு மையில்தான் வந்தது. வண்ணத்துக்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.